படம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை

(சென்ற ஆண்டுச் சந்திப்பின்போது துறை மாணவர் மன்றத்தில் பேசியது. மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதித் தந்திருக்கிறேன்.)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது 2010-ஆம் ஆண்டு, இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவுக்காக. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் புரோகிராமைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்து மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். "தம்பி, இதை யார் உபயோகிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். "யூசர், சார்" என்றேன். "யூசருக்கு என்ன வயசு?" என்றார். முழித்தேன். பின் வரிசையிலிருந்து நண்பர்கள் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது. அவர்களில் நாலு பேர் இப்போதும் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே பிற்பாடு எனக்குச் சம்பளம் தரும் வேலையாகிவிட்டது. பெங்களூரில் இருக்கிறேன். மென்பொருளை எழுதி முடித்ததும், அதை முன்பின் பார்த்திராத பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, "செய்யுங்க, பார்ப்போம்" என்போம். எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே விரல் நிற்கிறது, எப்போது பெருமூச்சு விடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வோம். கொடுக்கும் அந்த வேலைக்கு எங்கள் தொழிலில் டாஸ்க் என்று பெயர். நான் பணி என்றே சொல்லப்போகிறேன். கேட்டால் சுலபமாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021-ல் எங்கள் குழு, கைப்பேசியில் இருக்கும் சொந்தப் புகைப்படங்களைத் தேடவும் பிறருக்கு அனுப்பவும் ஒரு செயலி செய்தது. படங்களைத் தேதி வாரியாக அடுக்கும். முகங்களை அடையாளம் கண்டு ஒன்று சேர்க்கும். "கடற்கரை", "நாய்", "கேக்" என்று தட்டினால் அந்தந்தப் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். சோதனைக்கான பணிகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. எட்டுப் பணிகள் எழுதினேன். மாதிரிக்கு இரண்டு சொல்கிறேன். "2019 ஏப்ரலில் எடுத்த கடற்கரைப் படங்களைத் தேடுக." "பிறந்தநாள் ஆல்பத்திலிருந்து மூன்று படங்களைத் தேர்ந்து பகிர்க." தேட வேண்டிய படங்களும் நாங்களே கொடுத்ததுதான். விலைக்கு வாங்கிய ஆயிரம் படங்கள். எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பம், எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் எல்லாப் பணிகளையும் முடித்துவிட்டார்கள். அறிக்கையில் பார்த்த இடமெல்லாம் பச்சை நிறம். மேலதிகாரி கைகுலுக்கினார். அன்றைக்கு மாலை ஆபீசில் கேக் வெட்டினோம். அதையும் படம் எடுத்து, "கேக்" என்று தட்டித் தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

2022 தை மாதம் என் அப்பா காலமானார்.

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. ஒன்பது மணி வாக்கில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். "அண்ணே, அய்யா படம் ஒண்ணு வேணும். தனியா, நேராப் பார்த்த மாதிரி. பத்து மணிக்குள்ள குடுத்தீங்கன்னா காலையில கட்டிடலாம்" என்றான். என் கைப்பேசியில் 11,000 படங்கள் இருந்தன. நாங்கள் செய்த செயலியும் அதில் இருந்தது. திறந்தேன். கையெல்லாம் நடுங்கியது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் சரியான இடத்தில் விரல் படவில்லை என்பது உண்மை.

எங்கள் வீட்டில் படம் எடுப்பவர் அப்பாதான். 2014-ல் அவருக்கு ஒரு நல்ல கேமரா ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, பொங்கல் எதுவானாலும் "நில்லுங்க, நில்லுங்க" என்று எதிரே போய் நின்றுவிடுவார். அதனால் படங்களில் அவர் இல்லை. செயலி தேடிச் சேர்த்துக் கொடுத்த அப்பா படங்கள் நாற்பது இருக்கும். பந்தியில் குனிந்து சாப்பிடுகிற அப்பா. கூட்டத்தில் நெற்றி மட்டும் தெரிகிற அப்பா. என் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவள் கை அவர் மூக்கின் மேல். ஒன்றுகூடக் கடைக்காரப் பையனிடம் கொடுக்கிற மாதிரி இல்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "ஏண்டா, இது நீ செஞ்சதுதானே?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த குரலில், இதில் எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் அக்கா தன்னுடைய ஃபோனை எடுத்தாள். தேடவில்லை. கூப்பிட்டாள். சித்திக்கு, பெரியம்மா மகளுக்கு, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு என்று ஐந்து பேருக்குப் பேசினாள். பத்து நிமிடத்தில் சித்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்பா நேராகப் பார்க்கிறார், ஆனால் பக்கத்தில் நிற்பவர் அவருடைய இடது தோளை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கடைக்காரர் அவரை அழித்துவிட்டு, வேறு எங்கிருந்தோ ஒரு தோளை எடுத்து ஒட்டினார். மறுநாள் தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸிலும், இன்று கூடத்தில் மாலை போட்டிருக்கும் படத்திலும் இருக்கிற இடது தோள் என் அப்பாவுடையது அல்ல.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் இங்கே பேச வந்திருக்க மாட்டேன். மூன்றாம் மாதம் அத்தை மகன் வந்திருந்தான். பேச்சுவாக்கில் தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினான். வயலில் பம்புசெட் தொட்டியின் சுவரில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். தோளில் துண்டு. தனியாக. நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். "இது எங்கேடா கிடைச்சுது?" என்றேன். "என்ன மச்சான், 2017-லயே உனக்கு அனுப்பினேனே" என்றான்.

அனுப்பியிருந்தான். என் கைப்பேசியில்தான் இருந்தது. ஒரு காஸ் பில்லுக்கும் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கத்துக்கும் நடுவில்.

ஏன் கிடைக்கவில்லை என்று இஞ்ஜினியராக உட்கார்ந்து பார்த்தேன். காரணம் தெரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறர் அனுப்பிய படங்கள் போய் விழுகிற ஃபோல்டரை எங்கள் செயலியின் முகம் தேடும் பகுதி தொடவே தொடாது. அதில் குப்பை அதிகம், தேடினால் பேட்டரி வீணாகும் என்று நாங்களே கூடிப் பேசி விலக்கி வைத்திருந்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், தலையாட்டினேன். சரி, தேதியை வைத்தாவது எடுத்திருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. கேமரா ஒரு படத்தை எடுக்கும்போது, எடுத்த தேதி, நேரம் முதலிய விவரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. 1995-ல் ஜப்பானில் வகுத்த எக்ஸிஃப் என்ற முறை அது. செய்திச் செயலிகள் பலவும் படத்தை அனுப்பும்போது அதைச் சுருக்கி, இந்த விவரங்களையும் உரித்துவிடுகின்றன. எடுத்த இடம் முதலானவை முன்பின் தெரியாதவர் கைக்குப் போகாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் வந்து சேர்ந்த படத்துக்கு எடுத்த நாள் கிடையாது, வந்த நாள்தான் உண்டு. அறுவடைக்கு எடுத்த படம் ஐப்பசியில் வந்தால், அது ஐப்பசிப் படம்.

இதெல்லாம் செயலியின் குறை. என் குறை வேறு. என் எட்டுப் பணிகளில் ஒன்றில்கூட, யாரோ அனுப்பிய படத்தைத் தேடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். எந்த வழியெல்லாம் நாங்கள் நன்றாகப் போட்டிருந்தோமோ, அந்த வழிகளில் மட்டும் வந்தவர்களை நடக்கவிட்டு, "பாதை பிரமாதம்" என்று எழுதிக்கொண்டோம்.

அதன் பிறகுதான் மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒழுங்காகப் படித்தேன். முன்னாடியே படித்திருக்க வேண்டும்; மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 2003-ல் கெர்ரி ராடன், கென்னத் வுட் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. 13 பேருக்கு டிஜிட்டல் கேமராவும், ஷூபாக்ஸ் என்ற மென்பொருளும் கொடுத்து, ஆறு மாதம் சொந்தப் படங்களோடு பழகவிட்டார்கள். அந்த மென்பொருளில் படத்துக்குக் குரலில் குறிப்புச் சொல்லி வைக்கலாம். ஒரு படத்தைக் காட்டி அதைப் போல இருக்கும் மற்றப் படங்களைத் தேடலாம். அந்தக் காலத்துக்குப் பெரிய வித்தை. ஆனால் ஜனங்கள் அவற்றை அதிகம் சீண்டவில்லை. எடுத்த வரிசைப்படி அடுக்கி, ஒரே நேரத்தில் நிறையச் சின்னப் படங்களைக் கண்ணால் ஓட்டிப் பார்க்க முடிந்தால் அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. நான் எடுத்தது, எனக்கு வரிசை தெரியும், கண் ஓட்டினால் கிடைத்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அது சில நூறு படங்கள் இருந்த காலம், போன மாதம் எடுத்ததைத் தேடின காலம். நாள் ஆக ஆக என்ன ஆகிறது? 2010-ல் ஸ்டீவ் விட்டேக்கர், ஓஃபர் பெர்க்மன், பால் க்ளஃப் மூவரும் பிள்ளை பெற்றவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பணி வைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஓராண்டுக்கு முன்னால் குடும்பத்தில் நடந்த முக்கியமான விசேஷங்களைச் சொல்லச் சொன்னார்கள். சொன்ன பிறகு, "அந்தப் படத்தைக் காட்டுங்கள்" என்றார்கள். எல்லோருக்கும் நம்பிக்கை, உடனே எடுத்துவிடலாம் என்று. ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது படங்களை அவர்களால் எடுக்க முடியவில்லை. தங்கள் சொந்தக் குழந்தையின் படங்கள்! படங்கள் அளவுக்கு மீறி இருந்தன, நாலைந்து இடங்களில் சிதறியும் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் படங்கள் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு பொய்யாக இருந்தது.

என் வெள்ளைக்காரக் குடும்பத்துப் படங்களில் இது எதுவும் தெரிய வழியே இல்லை. யாரோ ஒருவர் குழந்தையைத் தேடுகிறவருக்கு ஞாபகம் என்று என்ன இருக்கும்? நான் சொன்ன சொல்லைத்தான் அவர் தட்டுவார். சொல் பொருந்தினால் படம் வரும். நான் சோதித்தது தேடலை அல்ல, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமா என்பதை.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்கர் சொன்னது. ஐக்கியா கடையின் தளத்தைச் சோதித்தபோது, "புத்தக அலமாரியைத் தேடுங்கள்" என்று பணி கொடுத்தார்களாம். எல்லோரும் "புத்தக அலமாரி" என்று தட்டினார்கள். அதே பணியை, "உங்களிடம் இருநூறுக்கு மேல் கதைப் புத்தகங்கள் பெட்டிகளில் கிடக்கின்றன, ஒழுங்காக வைக்க வழி பாருங்கள்" என்று மாற்றிக் கொடுத்ததும், அவர்கள் போன வழியும் தட்டிய சொல்லும் வேறாகிவிட்டன. இந்தக் கதையை நான் பயிற்சி வகுப்பில் பிறருக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்துவிட்டு, என் இருக்கைக்கு வந்து "கடற்கரைப் படங்களைத் தேடுக" என்று எழுதியிருக்கிறேன்.

தமிழில் பணி எழுதும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. செயலியில் பொத்தானுக்குப் "பகிர்" என்று பெயர் வைக்கிறோம். பணியிலும் "பகிர்க" என்று எழுதுகிறோம். அந்தச் சொல் திரையில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் துழாவி அமுக்கிவிடுகிறார்கள், வெற்றி! ஆனால் வீட்டில் யார் "பகிர்" என்கிறார்கள்? "அனுப்பு" என்கிறோம், "குரூப்பில் போடு" என்கிறோம், "அத்தைக்குக் காட்டு" என்கிறோம். அறுபது வயது அம்மா ஒருவரிடம், "இந்தப் படத்தைப் பகிருங்கள்" என்று கொடுத்தேன். சற்று யோசித்துவிட்டு, "யார் யாருக்குப்பா பங்கு வைக்கணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரியான தமிழ். அதோடு, அது எங்கள் அறிக்கைகள் எதிலும் இல்லாத சரியான கேள்வியும்கூட. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பாவின் திதி முடிந்த பிறகு, 2023-ல், வேறு முறையில் ஆரம்பித்தேன். பணியை நான் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வீடுகளுக்குப் போய், "கடைசியா எப்போ ஒரு பழைய படத்தைத் தேடினீங்க? எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். கேட்கக் கேட்க ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, சுவரில் அந்தக் கறை குடி வந்தபோதே இருந்தது என்று வீட்டுக்காரருக்குக் காட்ட ஒருவர் தேடியிருக்கிறார். பட்டுப் புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுக்கக் கடையில் நின்றுகொண்டு புடவையின் படத்தைத் தேடியிருக்கிறார் ஒருவர். டாக்டர் மாற்றி எழுதுவதற்கு முன்னால் சாப்பிட்ட மாத்திரை அட்டை. மகளை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட மூன்றே மூன்று படம். அக்கா வளைகாப்புப் படங்கள், ஆனால் அவள் அழுகிற படம் வரக் கூடாது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குப் பையன் படம், காது இரண்டும் தெரிய வேண்டும்.

கவனியுங்கள், ஒன்றில்கூடத் தேதி இல்லை. "2019 ஏப்ரல்" என்று யாருமே சொல்லவில்லை. "பாப்பாவுக்குப் பல் விழுறதுக்கு முன்னாடி", "நாம அந்த வீட்டில் இருந்தப்போ", "சித்தி அனுப்பினாளே" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கடைசியானதைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது எனக்கு. யார் அனுப்பியது என்பது மனுஷருக்கு நன்றாக நினைவிருக்கிறது. செயலிக்குத்தான் அது அக்கறை இல்லாத விஷயமாக இருந்தது.

வருகிறவர் அவருடைய சொந்தக் கைப்பேசியோடு, சொந்தப் படங்களோடு உட்கார வேண்டும் என்றும் முடிவு செய்தேன். இதில் சங்கடம் உண்டு. முன்பின் தெரியாத என் எதிரே அவர் வீட்டுப் படங்களெல்லாம் ஓடும். சொந்த விஷயம் ஏதாவது கண்ணில் பட்டுவிடும். ஆகையால் திரையைப் பதிவு செய்வதில்லை. படத்தை நான் பார்ப்பதில்லை. அவர் விரலையும் முகத்தையும் பார்க்கிறேன், வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் எந்த நிமிடமும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக ஹாஸ்டல் நண்பர்களைச் சோதிக்கும்போதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நண்பன்தானே என்று விட்டுவிடாதீர்கள். நண்பன் ஃபோனில்தான் விஷயம் அதிகம்.

இன்னொன்று. நம் ஊரில் எதிரே ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் அது பரீட்சை. "இதை அமுக்கலாமா சார்?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை முகத்தைப் பார்ப்பார்கள். "நாங்க உங்களைச் சோதிக்கலீங்க, இந்தச் செயலியைத்தான் சோதிக்கிறோம்" என்று நூறு முறை சொன்னாலும் போகாது. நான் கண்டுபிடித்த வழி, நாற்காலியை அவருக்கு எதிரே போடாமல் பக்கத்தில், சற்றுப் பின்னால் போட்டுக்கொள்வது. காப்பி வாங்கிக் கொடுப்பதும் உதவும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அக்கா செய்த காரியம். அவள் தேடவில்லை, கேட்டாள். இந்த இரண்டாவது சுற்றில், தேடிக் கிடைக்காதபோது பலரும் அதையேதான் செய்யப் போனார்கள். "இருங்க, என் தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடறேன்." பழைய முறையில் நாங்கள் இதை அனுமதிப்பதில்லை. "மற்றவர் உதவியின்றிச் செய்யவும்" என்று பணித்தாளின் தலையிலேயே அச்சிட்டிருப்போம். ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு வழியை விதி போட்டுத் தடுத்துவிட்டு, ஜனங்கள் படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்திருக்கிறோம்! இப்போது ஃபோன் போட்டால் போடட்டும் என்று விடுகிறேன். யாருக்குப் போட்டார், எத்தனையாவது நிமிடத்தில் போட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்று குறித்துக்கொள்கிறேன். "என்ன சொல்லிக் கேட்டார்" என்பதுதான் தங்கம். தங்கையிடம் ஒரு படத்தை விவரிக்கிற வாக்கியம்தான் செயலியிடமும் சொல்ல நினைக்கிற வாக்கியம்.

அனுப்புவது பற்றி அந்த அம்மா கேட்டதற்கு வருகிறேன். யார் யாருக்குப் பங்கு? என் பழைய பணியில் "அனுப்பு" என்பதை அமுக்கியதும் வெற்றி, கடிகாரத்தை நிறுத்திவிடுவேன். அனுப்புகிற வேலையில் அது கடைசி ஒரு வினாடி. அதற்கு முன்னால் இருபது நிமிடம் ஓடியிருக்கும். எதை அனுப்புவது, எதை விடுவது, இதைக் குடும்பக் குரூப்பில் போட்டால் மூத்த மருமகள் கோபித்துக்கொள்வாளா, எல்லோருக்கும் அனுப்பி மாமாவை விட்டால் தப்பாகுமா. படம் எடுத்ததற்குப் பிறகு, பிறருக்குக் காட்டுவதற்கு முன்னால் நடக்கிற இந்த வேலை முழுவதையும் டேவிட் கிர்க்கும் அவர் குழுவினரும் 2006-ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்து, அதற்கு ஃபோட்டோவொர்க் என்று பெயரே வைத்தார்கள். படத்தைக் கழிப்பதும் பொறுக்குவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பதும்தான் அதில் பாதி. அதைப் படித்தபோது, வளைகாப்புப் படத்தில் அழுகிற படத்தை மட்டும் விலக்கப் பாடுபட்ட தங்கைதான் நினைவுக்கு வந்தாள்.

அமுக்கியதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. வாங்கிக்கொண்டவர் பார்த்தாரா? அவரால் திரும்ப எடுக்க முடிகிறதா? அத்தை மகன் அனுப்பினான், நான் வாங்கினேன், கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. என் பழைய கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு வெற்றி பெற்ற பகிர்வு. ஐந்து வருஷம் கழித்து, தேவைப்பட்ட ஒரே ஒரு இரவில், அந்தப் படம் எனக்கு இல்லை. ஆகையால் இப்போதெல்லாம் இரண்டு பேராகத்தான் கூப்பிடுகிறேன். அக்கா தங்கை, மாமியார் மருமகள், நண்பர்கள் என்று. ஒருவர் ஒரு அறையிலிருந்து அனுப்புவார், மற்றவர் வேறு அறையில் வாங்குவார். அத்தோடு அனுப்பிவிட்டு, மூன்று வாரம் கழித்து வாங்கியவரை மட்டும் திரும்பக் கூப்பிட்டு, "அன்னைக்கு அவங்க அனுப்பினாங்களே, அதை எடுங்க" என்பேன். செலவு இரண்டு மடங்கு, நாள் பத்து மடங்கு. என் மேலதிகாரிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "நம்ம ரிலீஸ் சைக்கிளே மூணு வாரம்தான்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு வருஷத்துக்கு ஒரு முறை செய்து கொள்ளலாம் என்று சம்மதித்திருக்கிறார்.

செயலியில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். அதிகமில்லை. பிறர் அனுப்பிய படங்களையும் முகம் தேடும் பகுதி இப்போது பார்க்கிறது. அனுப்பியவர் பெயரைச் சொல்லித் தேடும் வழி பாதிதான் வந்திருக்கிறது. "எடுத்த நாள் தெரியாது" என்பதைச் செயலி ஒப்புக்கொண்டு, வந்த நாளை எடுத்த நாள் போலக் காட்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அது இன்னும் பட்டியலிலேயே இருக்கிறது. பட்டியலில் எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள்.

நண்பர்கள் கேட்டார்கள், கூடத்தில் இருக்கும் படத்தை மாற்றிவிட்டாயா என்று. மாற்றலாம் என்றுதான் பம்புசெட் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். அனுப்பும்போது சுருங்கிப் போன படம் என்பதால் பெரிதாக்கினால் முகம் கலங்குகிறது. அத்தை மகனிடம் அசல் இருக்குமே என்று கேட்டேன். அவன் 2019-ல் ஃபோன் மாற்றியபோது போய்விட்டதாம். அவனிடம் இருப்பதும் எனக்கு அனுப்பிய அந்தச் சுருங்கிய படம்தான். ஆகவே கையளவுக்கு ஒரு பிரதி போட்டு, பர்சில் வைத்திருக்கிறேன். கூடத்தில் பழைய படமே இருக்கிறது. அம்மாவுக்கு அந்தத் தோள் விஷயம் தெரியாது. ஊரில் இந்த மலரை யாரும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துறை நூலகத்துக்குப் பக்கத்து அறையில் நான்கு மேசைகள் போடச் சொல்லியிருக்கிறேன். மேசைக்கு இரண்டு மாணவர், எதிரே இல்லை, பக்கத்தில். மூத்தோரிடம் சென்று, நம் ஹாஸ்டல் நாட்களைப் பற்றி முதலில் பேச வையுங்கள். மெஸ்ஸில் நடந்த சண்டை, சுற்றுலா பஸ் பழுதாகி நின்றது, எதுவானாலும் சரி. படம் என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கக் கூடாது. கதை முடிந்த பிறகு, "அதை எங்களுக்குக் காட்ட முடியுமா சார்?" என்று மட்டும் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் தன் பேட்ச் நண்பருக்கு ஃபோன் போடட்டும், தடுக்காதீர்கள். சங்கச் செயலாளர் மலருக்குப் பழைய படங்கள் கேட்டிருக்கிறார். கிடைப்பவற்றைச் சுருக்காமல், அசல் கோப்பாகவே அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை, இடமிருந்து வலமாக, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூத்தோர் தயவுசெய்து மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வரவும். காப்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.